ஓரம் வெட்டிய அட்டைகள்

லண்டனின் செவன் கிங்ஸில் சற்குணத்தை வீட்டுக்குள் விடுவார்கள். உட்காரச் சொல்ல மாட்டார்கள். கார்ப்பெட் போடுகிற வேலையில் அவருக்கு நிகராக அந்தப் பக்கத்தில் ஆளில்லை. அவர் போட்ட கார்ப்பெட் எத்தனை வருடம் போனாலும் மூலையில் கிளம்பாது. ஆனால் தேநீர் கொடுத்து இருத்தினால், அந்த வீட்டில் எதற்காவது குற்றம் சொல்லாமல் எழும்ப மாட்டார். புதிதாகக் கட்டிய குளியலறையை ஆசையோடு காட்டிய ஒருவரிடம், டைல்ஸ் கோணலாக இருக்கிறது, கழற்றிவிட்டுத் திரும்ப ஒட்டச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தவர். அந்த மனிதர் அதன்பிறகு தெருவில் கண்டாலும் தலையாட்டுவதில்லை.

இந்தக் குணம் பிறவியில் வந்ததல்ல என்று, அவரை ஜெர்மனியில் அறிந்தவர்கள் சொல்வார்கள். அங்கே அவர் சிரித்துப் பேசுகிற மனிதராக இருந்தாராம். அவரைக் கெடுத்தது ஒரு பேஸ்பால் அட்டை.

எண்பதுகளின் நடுவில் அகதியாகப் போய் இறங்கிய சற்குணத்துக்கு மான்ஹைமில், அமெரிக்க இராணுவ முகாமின் சாப்பாட்டுக்கூடத்தில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது. பக்கத்துத் தொட்டியில் கழுவியவர் அம்பலவாணன். இருவருக்கும் ஒரே வயது. ஒரே அறையில் இருந்தார்கள், ஒரே சைக்கிளில் வேலைக்குப் போனார்கள். சாப்பாடு முடிந்ததும் சிப்பாய்கள் மேசையில் சிறு அட்டைகளைப் பரப்பி வைத்துத் தங்களுக்குள் மாற்றிக்கொள்வார்கள். முன்பக்கத்தில் பேஸ்பால் ஆட்டக்காரர் ஒருவரின் படம், பின்பக்கத்தில் அவர் ஆடிய ஆட்டங்களின் விபரம். ஒரு காலத்தில் சிகரெட் பெட்டிக்குள்ளும் சூயிங்கம் பொதிக்குள்ளும் இலவசமாக வந்தவை அவை. பிள்ளைகள் விளையாடிக் கிழித்தார்கள், தாய்மார் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டார்கள். அப்படிப் போகாமல் மிஞ்சியவற்றுக்குத்தான் விலை என்று ஒரு சார்ஜன்ட் விளங்கப்படுத்தினார். அவர் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனபோது, சிறுவயதில் தான் சேர்த்த அட்டைகளை ஒரு சப்பாத்துப் பெட்டியோடு சற்குணத்தின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

பேஸ்பால் ஆட்டத்தை இருவரும் ஒருநாளும் முழுதாகப் பார்த்ததில்லை. அட்டைகளை மட்டும் படித்தார்கள். நாலு மூலையும் கூராக இருக்கிறதா, படம் நடுவில் விழுந்திருக்கிறதா, மடிப்பு இருக்கிறதா, பின்பக்கத்தில் பசை பட்டிருக்கிறதா என்று பார்க்கப் பழகினார்கள். சனிக்கிழமைகளில் ரயில் ஏறி பிராங்பேர்ட்டில் நடக்கும் சந்தைக்குப் போனார்கள்.

சற்குணம் கலியாணம் முடித்து நகுலேஸ்வரி வந்த பிறகும் சனிக்கிழமை மாறவில்லை. அவள் வீட்டிலிருந்தே துணி தைத்தாள், உடுப்புகளை அளவுக்கு இறக்கிக் கொடுத்தாள். அம்பலவாணன் வருவார், சாப்பிடுவார், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் அட்டைகளோடு இருப்பார்கள். ஒருமுறை அவள் ஒரு படத்தைக் காட்டி இது யார் என்று கேட்டபோது, உமக்கு இது விளங்காது நகுலா என்று அம்பலவாணன் சிரித்தார். சற்குணமும் கூடச் சிரித்தார்.

ஜெர்மன் பாஸ்போட் கிடைத்ததும் பிள்ளைகளின் ஆங்கிலத்துக்காக லண்டனுக்கு மாறினார்கள். அம்பலவாணன் முதலில் வந்து இல்ஃபோர்டில் பலசரக்குக் கடை போட்டார். சற்குணம் பின்னால் வந்து செவன் கிங்ஸில் வீடு எடுத்தார். முன்னறை அட்டைகளின் அறையானது. அந்த அறையில் வைத்துத்தான் இருவரும் அந்த மாற்றைச் செய்தார்கள். அம்பலவாணனிடம் பெயர்பெற்ற ஓர் ஆட்டக்காரரின் தொடக்ககால அட்டை இருந்தது. ஐம்பதுகளில் வந்தது, பெரிய அளவு. சற்குணம் தன்னிடமிருந்த மிகப் பழைய சிகரெட் அட்டைகள் இரண்டைக் கொடுத்து அதை வாங்கினார். இருவரும் கைகொடுத்துக் கட்டிப்பிடித்தார்கள்.

அடுத்த வருடம் ஹீத்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் சேகரிப்பாளர் சந்தை நடந்தது. சற்குணம் அந்த அட்டையைக் கொண்டுபோய், அமெரிக்க அட்டைகள் விற்கும் ஒரு வியாபாரியிடம் காட்டினார். அவர் அடிமட்டத்தை வைத்து அளந்து பார்த்துவிட்டு, இது ஓரம் வெட்டிய அட்டை என்றார். தேய்ந்த கரையைச் சிலர் நறுக்கிப் புதிதுபோல ஆக்கிவிடுவார்கள். அப்படி வெட்டிய அட்டைக்குச் சந்தையில் மதிப்பில்லை. முழுதாக இருந்திருந்தால் ஒரு புதுக் காரின் விலைக்குப் போயிருக்கும் என்றும் சொன்னார்.

அட்டையைத் தந்தவர் அம்பலவாணன். சற்குணத்துக்கு வேறெதையும் யோசிக்கத் தேவைப்படவில்லை. தனியாகப் போய்க் கேட்கவுமில்லை. அந்த மாதமே தெரிந்தவர் வீட்டுக் கலியாணம் ஒன்று வந்தது. மண்டபத்தில் சாப்பாட்டு மேசையில், மனைவி பிள்ளைகளோடு இருந்த அம்பலவாணனின் முன்னால் போய் நின்றார்.

"கத்திரிக்கோல் கொண்டந்தனியோ? இஞ்ச நிறையச் சனம் இருக்கு, எல்லாற்ற பொக்கற்றையும் வெட்டலாம்."

அம்பலவாணன் எழுந்தார். தான் தந்தது முழு அட்டை என்று சொன்னார். சற்குணம் அவரைக் கள்ளன் என்றார். நாற்காலி விழுந்தது, ஆட்கள் இடையில் புகுந்து பிரித்தார்கள். பக்கத்து மேசையிலிருந்த நகுலேஸ்வரி தட்டைப் பார்த்தபடி இருந்தாள்.

அன்றிலிருந்து அம்பலவாணனுக்குக் "கத்திரி" என்று பெயர் விழுந்தது. அவருடைய கடை கத்திரிக் கடை. தராசிலும் வெட்டுவான் என்று சற்குணம் போகிற வீடெல்லாம் கார்ப்பெட்டோடு சேர்த்து அந்தக் கதையையும் விரித்தார். அம்பலவாணனின் மகள் தர்மிகாவைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் இரண்டு விரலைக் கத்தரிக்கோல்போல அசைத்துக் காட்டிச் சிரித்தார்கள். அவள் தமிழ்ப் பள்ளியை விட்டு நின்றாள். அம்பலவாணனும் சும்மா இருக்கவில்லை. சற்குணத்துக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்த கட்டட ஒப்பந்தக்காரர் இருவரை அவர் பக்கம் போகாமல் பண்ணினார். ஹைகேட் ஹில் முருகன் கோயில் தேருக்குப் போனால்கூட, ஒருவர் நிற்கிற பக்கத்தில் மற்றவர் வடம் பிடிப்பதில்லை.

ஏமாந்தவன் என்ற எண்ணம் சற்குணத்தை வேறு ஆளாக்கியது. வெட்டிய அட்டை, மூலைக்கு மை பூசிய அட்டை, கழுவிய அட்டை எல்லாவற்றையும் பிடிக்கப் படித்தார். பூதக்கண்ணாடியும் புறஊதாக்கதிர் டார்ச்சும் வாங்கினார். சந்தைகளில் யாராவது ஓர் அட்டையைப் பெருமையாக நீட்டினால், ஒரு நிமிடம் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் முகத்துக்கு நேரே பிழையைச் சொன்னார். ஓய்வூதியக்காரர் ஒருவர் தன் தகப்பன் விட்டுப்போன அட்டை என்று கொண்டுவந்ததை எல்லோருக்கும் கேட்கப் போலி என்றார். அந்தக் கிழவர் அதைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு போன விதத்தைப் பார்த்தவர்கள் சற்குணத்தின் மேசைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். அவர் சொன்னது பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தது. அதனால் அவரை யாரும் விரும்பவில்லை.

போன வருடம் முழங்கால் இரண்டும் பழுதாகின. மண்டியிட்டுச் செய்கிற வேலை இனி ஏலாது என்றார் டொக்டர். மகன் அனுசன், அந்த அட்டைகளை ஏலத்தில் போடுங்கோ அப்பா, என்றான். நெடுநாள் மறுத்துவிட்டுக் கடைசியில் சற்குணம் சம்மதித்தார். ஏல நிறுவனத்திலிருந்து ஓர் ஆங்கிலப் பெண் மதிப்புப் போட வந்தாள். முன்னறையில் அல்பங்களைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து, அளந்து குறித்தாள். அல்பத்தின் ஒவ்வொரு தாளும், அட்டைகளைச் செருக ஒன்பது சிறு அறைகள் கொண்ட பிளாஸ்டிக் உறை. சற்குணம் பக்கத்தில் நின்று அவளுக்கும் பிழை பிடிக்கக் காத்திருந்தார்.

அவள் ஆறு அட்டைகளைத் தனியாக எடுத்து வைத்தாள். இவை வெட்டியவை, விற்க முடியாது என்றாள்.

ஒன்றுதான் வெட்டியது என்றார் சற்குணம்.

ஆறும் என்றாள் அவள். ஐம்பதுகளில் வந்த பெரிய அளவு அட்டைகள் இந்த உறைக்குள் அடங்கவே மாட்டா, ஆனால் இவை அடங்கியிருக்கின்றன என்று காட்டினாள். ஆறையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். எல்லாவற்றிலும் மேல்கரையில் ஒரே இடத்தில் சிறு படிபோல ஒரு பிசகு இருந்தது. ஒரே கத்தரிக்கோல், அதன் அலகு ஓரிடத்தில் சிறிது உடைந்திருக்கும் என்று, காலநிலை சொல்வதுபோலச் சொன்னாள்.

ஒன்று அம்பலவாணனிடம் வாங்கியது. மற்ற ஐந்தும் மான்ஹைம் சார்ஜன்ட்டின் சப்பாத்துப் பெட்டியில் வந்தவை. அவற்றை அம்பலவாணன் ஒருநாளும் தன் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. அந்த அல்பத்தைச் சற்குணம் எத்தனையோ வருடங்களாகத் திறந்து பார்த்திருக்கிறார். பெரிய அட்டைகள் சின்ன அறைகளுக்குள் எப்படிப் போயின என்று அவர் ஒருமுறையும் கேட்டுக்கொண்டதில்லை. ஊரிலுள்ளவர்களின் அட்டையை எல்லாம் அளந்தவர், தன்னுடையதில் அந்த ஒன்றைத் தவிர எதையும் அளக்கவில்லை.

அல்பங்களை வாங்கி வந்து அடுக்கித் தந்தவள் நகுலேஸ்வரி. அம்பலவாணனோடு மாற்றுச் செய்த சில வாரங்களில், சற்குணம் லீட்ஸில் ஒரு ஹோட்டலுக்குக் கார்ப்பெட் போடப் போயிருந்தபோது, அவருடைய பிறந்தநாளுக்கென்று செய்து வைத்திருந்தாள். அவர் அப்போது சந்தோஷப்பட்டிருந்தார்.

மதிப்பீட்டாளர் போனதும் சற்குணம் ஆறு அட்டைகளையும் குசினிக்குக் கொண்டுபோனார். நகுலேஸ்வரி கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"இதுகளை நீர் வெட்டினீரோ?"

"ஓம்," என்றாள். "உறைக்குள்ள போகேல்லை. சுத்திவர வெள்ளைக் கரைதானே, அதைத்தான் எடுத்தனான்."

"அப்ப கலியாண வீட்டில நான் அவனைக் கேக்கேக்க உமக்குத் தெரியும்."

"தெரியும்."

"பக்கத்தில இருந்தனீர்."

"ஓம். பக்கத்திலதான் இருந்தனான்." அடுப்பை அணைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "என்னட்ட ஒரு சொல் கேட்டிருந்தா அண்டைக்கே சொல்லியிருப்பன். நீங்கள் கேக்கேல்லை. வீட்டில நான் ஒருத்தி இருக்கிறன், நானும் இதைத் தொட்டிருப்பன் எண்டு உங்களுக்கு நினைப்பே வரேல்லை."

பிறகு இன்னொன்றும் சொன்னாள். சாவகச்சேரியில் அவளுடைய தகப்பன் இறந்த செய்தி மான்ஹைமுக்கு வந்தபோது, சற்குணமும் அம்பலவாணனும் பிராங்பேர்ட்டில் ஓர் அட்டை ஏலத்தில் இருந்தார்கள். சண்டை நடந்த காலம். அவளால் ஊருக்குப் போக வழியில்லை. அவர்கள் தங்கிய ஹோட்டலுக்குத் தொலைபேசி எடுத்தாள். மறுமுனையில் வந்தவர் அம்பலவாணன். ஏலம் நடக்கிறது, அவனுடைய அட்டை இன்னும் வரவில்லை, முடியட்டும், நான் சொல்கிறேன் என்றார். அவர் சொன்னது மறுநாள். அதுவரை அவள் கைக்குழந்தையோடு அந்த வீட்டில் தனியாக இருந்தாள். சற்குணம் தாமதமாக வந்ததற்கு ரயிலைக் காரணம் சொன்னார். அது அம்பலவாணன் சொல்லிக்கொடுத்த பொய் என்று அவள் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். சற்குணத்துக்கோ செய்தியே மறுநாள் காலையில்தான் வந்தது என்பதுதான் தெரியும், அவள் முதல்நாளே தொலைபேசி எடுத்தது தெரியாது.

"அந்த மனுசன் இந்த வீட்டுக்கு வராமல் நிண்டதுதான் லண்டனில எனக்குக் கிடைச்ச நல்லது," என்றாள். "அதை நான் ஏன் கெடுப்பன்?"

சற்குணத்துக்கு அவள்மேல் வந்த கோபம் பெரிது. இரண்டு வாரம் அவள் சமைத்ததைத் தொடவில்லை. பாணும் பட்டரும் வாங்கி வந்து தின்றார். ஆனால் கோபத்தோடு கூடவே, தான் அத்தனை வீடுகளில் சொன்ன வார்த்தைகளும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. யார் யார் வீட்டில், எந்தக் கார்ப்பெட்டை விரித்துக்கொண்டு என்ன சொன்னார் என்பதுவரை வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கடையில் சனம் குறைவாக இருக்கும் என்று கணக்குப் பார்த்து, இல்ஃபோர்டுக்கு நடந்தார்.

அம்பலவாணன் தகரத்தில் அடைத்த மீன் ரின்களுக்கு விலைத்துண்டு ஒட்டிக்கொண்டிருந்தார். நன்றாக மெலிந்திருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் ஒட்டினார்.

"அட்டையை நீ வெட்டேல்லை," என்றார் சற்குணம். "என்ர வீட்டிலதான் வெட்டுப்பட்டது. எனக்கு இப்பத்தான் தெரியும்."

"நான் வெட்டேல்லை எண்டு எனக்கு எப்பவோ தெரியும்."

இன்னும் சில ரின்கள் வரிசைக்குப் போயின. சற்குணம் அதோடு திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை.

"மாமா செத்த அண்டைக்கு நகுலா எடுத்த போனை நீ மறைச்சனியோ?"

அம்பலவாணனின் கை நின்றது. "மறைச்சனான். அது நான் செய்த பிழை. அதுக்கு நான் அவவுக்குப் பதில் சொல்லோணும், உனக்கில்லை. நீ செய்ததுக்கு நீ சொல்லு."

"அதுக்குத்தானே வந்தனான்."

"இஞ்ச ஆர் நிக்கினம்? ரின்னும் பருப்பும்தான் நிக்குது. சனத்துக்கு முன்னால சொன்னனி, சனத்துக்கு முன்னால சொல்லு. இல்லையெண்டா கடையை விட்டு இறங்கு."

செபமாலைமுத்து என்பவர் இருவருக்கும் மான்ஹைம் காலத்திலிருந்து பொதுவான நண்பர். அவருடைய மகனின் கலியாண வரவேற்பு ஒக்டோபரில் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. வழக்கம்போல இரண்டு குடும்பங்களையும் இரண்டு மூலையில் இருத்தியிருந்தார்கள். மாப்பிள்ளையின் நண்பர்கள் பேசி முடித்து, கேக் வெட்டுவதற்கு முன் இருந்த இடைவெளியில், சற்குணம் நொண்டி நொண்டிப் போய் மைக்கை எடுத்தார். வாழ்த்துச் சொல்லப் போகிறார் என்று கைதட்டினார்கள்.

"முந்தி இப்பிடி ஒரு மண்டபத்தில நான் அம்பலவாணனைக் கள்ளன் எண்டு சொன்னனான்," என்றார். "அது பொய். அவன் தந்தது முழு அட்டை. என்ர வீட்டிலதான் அது வெட்டுப்பட்டது. அவனைக் கத்திரி எண்டு இனி ஒருத்தரும் சொல்லக்கூடாது."

இளம் ஆட்களுக்கு என்ன அட்டை என்றே தெரியவில்லை, ஒருவரையொருவர் பார்த்தார்கள். மணப்பெண் மாப்பிள்ளையிடம் ஏதோ கேட்டாள். டிஜே மெல்ல மைக்கை வாங்கிக்கொண்டு பாட்டைப் போட்டான். வயதானவர்களுக்கு மட்டும் விளங்கியது. அவர்கள் முதலில் அம்பலவாணனைப் பார்த்தார்கள். அவர் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிறகு, சற்குணத்தின் வீட்டில் கத்தரிக்கோல் வைத்திருக்கிறவள் யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால், நகுலேஸ்வரியைப் பார்த்தார்கள்.

கார்ப் பார்க்கில் அம்பலவாணனின் மகள் தர்மிகா சற்குணத்திடம் வந்தாள். இப்போது அவளுக்கே ஒரு குழந்தை இருந்தது.

"அங்கிள், அப்பா அனுப்பி நான் வரேல்லை," என்றாள். "தமிழ்ப் பள்ளிக்கூடத்தை நான் விட்டது உங்களால. இப்ப என்ர மகளுக்குச் சொல்லிக் குடுக்க எனக்கு எழுத வராது. நீங்க மைக்கில சொன்னா அது சரிவராது. அதைச் சொல்லத்தான் வந்தன்."

சொல்லிவிட்டு அவள் காரில் ஏறிப் போய்விட்டாள்.

அம்பலவாணன் அதன்பிறகும் அவரோடு பேசவில்லை. பெயரும் போகவில்லை. இல்ஃபோர்டில் புதிதாக வந்து குடியேறியவர்கள்கூட, காரணம் தெரியாமலே, கத்திரிக் கடையில் மீன் மலிவு என்கிறார்கள். சற்குணம் கேட்கும்போதெல்லாம் திருத்துகிறார். அவர் திருத்துவதால் இன்னும் நாலு பேர் அந்தப் பெயரைத் தெரிந்துகொள்கிறார்கள்.

கலியாணத்துக்கு மறுநாள் நகுலேஸ்வரி ஒரு சூட்கேஸோடு விம்பிள்டனில் இருக்கும் மகள் கோசிகா வீட்டுக்குப் போய்விட்டாள். போனை எடுக்கவில்லை. கோசிகாதான் எடுத்து, அம்மாவுக்குப் பேச விருப்பமில்லை என்றாள். அந்த மாதக் கடைசியில் சற்குணம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ரயில் மாறி மாறி விம்பிள்டனுக்குப் போனார்.

நகுலேஸ்வரி அவரை ஹோல் சோபாவில் இருத்தினாள். தேநீர் கொடுக்கவில்லை.

"மண்டபத்தில இருந்த அத்தினை பேரும் என்ர கையைப் பாத்தவை," என்றாள். "நீங்கள் நல்லவராகிறதுக்கு என்னைக் கொண்டுபோய் நடுவில விட்டிட்டீங்கள். என்னட்டக் கேட்டனீங்களோ, சொல்லட்டோ எண்டு?"

கேட்கவில்லை என்று ஒத்துக்கொண்டார்.

அம்பலவாணன் போன வாரம் இங்கே வந்ததாக அவள் சொன்னாள். வாசலில் நின்று, அந்தத் தொலைபேசியை மறைத்தது பிழை என்று சொல்லிவிட்டுப் போனாராம். அவள் கேட்டுக்கொண்டு நின்றாளாம். உள்ளே வரச் சொல்லவில்லையாம். அதைச் சொன்னபோது அவளுடைய குரலில் ஒரு மாற்றமும் இருக்கவில்லை.

"நீர் வாரும்," என்றார் சற்குணம். "வீட்டில ஒண்டும் ஓடேல்லை."

"வாறன். முன்னறை எனக்கு வேணும். மெஷினை அங்கதான் போடுவன். உங்கட ஒரு சாமானும் அதுக்குள்ள இருக்கக்கூடாது."

அவர் திரும்பி வந்து அல்பங்களை ஏல நிறுவனத்துக்கு அனுப்பினார். ஆறு அட்டைகளையும் நிறுவனம் எடுத்துக்கொள்ளவில்லை. அல்பங்கள் இருந்த தட்டுகளைச் சுவரிலிருந்து கழற்றினார். பழைய கார்ப்பெட்டை உரித்தெடுத்து, மண்டியிட முடியாமல் நிலத்தில் இருந்தபடியே அரக்கி அரக்கி நகர்ந்து புதியது போட்டார். அனுசன் உதவிக்கு வந்தபோது, விடு, உனக்குச் சரியாய் வராது என்று துரத்திவிட்டார்.

நகுலேஸ்வரி வந்து அறையைப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. தையல் மெஷினை ஜன்னலோரம் போட்டாள். கட்டிலையும் அங்கேயே இழுத்துப் போட்டாள். இப்போது இருவரும் ஒரு வீட்டில் இரண்டு வாடகைக்காரர்போல இருக்கிறார்கள். சமையல் ஒன்று, சாப்பிடும் நேரம் வேறு. தைக்கக் கொடுக்க வருகிற பெண்கள் நேரே முன்னறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, நெடுநேரம் பேசிச் சிரிக்கிறார்கள். என்ன பேசுகிறார்கள் என்று அவருக்குக் கேட்பதில்லை.

உள்ளே வருவதென்றால் தட்டிவிட்டு வர வேண்டும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அவர் தட்டுகிறார். சில நாட்களில் அவள் திறப்பதுமில்லை.